ஐ.நா. அமைதிப்படையில் தம்பி யாருடைய சொல்லுக்குக் கட்டுப்படுவான்? சிறப்புத் தூதர் என்பவருக்கு அங்கே என்ன வேலை?

கோமதி, தென்காசி:

வணக்கம். என் தம்பி ராணுவத்தில் காலாட்படையில் இருக்கிறான். அவன் பட்டாலியன் இன்னும் சில மாதங்களில் ஐ.நா. பணிக்காகத் தெற்கு சூடானுக்குப் போகிறது. அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. "இது சண்டை இல்லம்மா, அமைதிப்படை" என்று நான்தான் சொல்லிச் சமாளிக்கிறேன், ஆனால் ராத்திரி உட்கார்ந்து படிக்கப் படிக்க எனக்கே பல விஷயங்கள் பிடிபடவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

அந்தப் படைக்கு ஒரு ராணுவத் தளபதி இருக்கிறார், சரி. அவருக்கும் மேலே பொதுச் செயலரின் சிறப்புப் பிரதிநிதி என்று சீருடை போடாத ஒருவர் இருக்கிறாராம், மொத்தப் பணிக்கும் அவர்தான் தலைவராம். செய்தியைப் பார்த்தால் சிறப்புத் தூதர் என்று வேறு சிலர் வருகிறார்கள். ஆப்பிரிக்க ஒன்றியத்துக்கு ஒரு தூதர், கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்த இகாட் அமைப்புக்கு ஒரு தூதர், அமெரிக்காவுக்கு ஒரு தூதர். இவர்கள் எல்லாரும் அடிஸ் அபாபாவில் ஓட்டலில் உட்கார்ந்து பேசுவதற்கும் என் தம்பி ஒரு முள்வேலிக்குப் பின்னால் நிற்பதற்கும் என்ன தொடர்பு? முகாமைச் சுற்றி வளைத்தால் சுடலாமா வேண்டாமா என்று யார் முடிவெடுப்பார்கள், அந்தத் தலைவரா, தளபதியா, டெல்லியா?

2013 டிசம்பரில் அகோபோ என்ற ஊரில் முகாமுக்குள் தஞ்சம் புகுந்தவர்களைக் காப்பாற்றப் போய் நம் வீரர்கள் இரண்டு பேர் இறந்ததைப் படித்த நாளிலிருந்து இந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், கஷ்டமான பதிலாக இருந்தாலும் பரவாயில்லை.

ஓய்வு ஹவில்தார்:

தங்கச்சி, நான் 2008-09-ல் கிழக்கு காங்கோவில் இருந்தவன், வடக்கு கிவு மாகாணம், கோமா ஊரைச் சுற்றி. தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கடைசிக் கேள்வி. சுடுவதற்கு யாரும் யாருக்கும் போன் போட்டுக் கேட்கவேண்டியதில்லை. எப்போது சுடலாம், எவ்வளவு சுடலாம் என்பது கிளம்பும் முன்பே எழுத்தில் கொடுக்கப்படும், தம்பி அதை மனப்பாடமாக வைத்திருப்பான். தன் உயிருக்கோ காவலில் உள்ள மக்கள் உயிருக்கோ ஆபத்து என்றால் போஸ்டில் இருக்கும் அதிகாரியே முடிவெடுக்கலாம். தம்பிக்கு மேலே கம்பெனி கமாண்டர், அவருக்கு மேலே பட்டாலியனை நடத்தும் சி.ஓ., பிறகு செக்டர், பிறகு தலைநகரில் படைத் தளபதி, அவருக்கு மேலேதான் அந்தச் சிறப்புப் பிரதிநிதி. சம்பளம், தண்டனை, ஒழுங்கு எல்லாம் இந்திய ராணுவச் சட்டப்படிதான். டெல்லியின் கை எப்போதும் தோள்மேல் இருக்கும். எல்லா நாட்டுப் படைக்கும் அப்படித்தான்.

இப்போது பிரதிநிதிக்கும் தூதருக்கும் என்ன வித்தியாசம் என்பதை நான் அங்கே கண்ணால் பார்த்தேன். எங்கள் பணியின் தலைவர் ஆலன் டாஸ், சிறப்புப் பிரதிநிதி, காங்கோ தலைநகர் கின்ஷாசாவிலேயே இருப்பவர். பட்ஜெட், படை, போலீஸ், சிவில் ஆட்கள் எல்லாம் அவருக்குக் கீழே. 2008 கடைசியில் கலகத் தலைவர் லோரன் இன்குண்டாவின் ஆட்கள் கோமாவின் வாசல் வரை வந்துவிட்டார்கள். வந்து சில வாரங்களே ஆன ஸ்பானியத் தளபதி பதவி விலகினார். அப்போது பொதுச் செயலர் நைஜீரியாவின் முன்னாள் அதிபர் ஒபசாஞ்சோவைச் சிறப்புத் தூதராக அனுப்பினார். அவருக்குக் கீழே படையும் இல்லை, பட்ஜெட்டும் இல்லை. ஆனால் பக்கத்து நாடான ருவாண்டாவின் தலைநகர் கிகாலிக்கும் கின்ஷாசாவுக்கும் பறந்து ஒரு அதிபரிடம் இன்னொரு அதிபர் பேசுவதுபோல் பேச அவரால் முடிந்தது. கலகக்காரரின் இடத்துக்கே போய் இன்குண்டாவைச் சந்தித்தார். ஒரு பணித் தலைவர் அதைச் செய்தால் மறுநாள் அரசாங்கம் அவரை நாட்டைவிட்டுப் போகச் சொல்லும்.

ஆக, ஒருவர் அங்கேயே குடியிருப்பவர், இன்னொருவர் வந்துபோகிறவர். இரண்டும் வேண்டும். ஆனால் இடையில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதில்தான் சிப்பாய் நிற்கிறான். 2009 மார்ச் 23 அன்று அந்தக் கலகக்காரர்களோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. எங்களுக்கு அதன் அர்த்தம் என்ன? நேற்றுவரை எதிரில் துப்பாக்கி நீட்டியவன் இன்று அரசு ராணுவச் சீருடையில் எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறான், அவன் கிராமத்தில் என்னவெல்லாம் செய்தான் என்று ஊருக்கே தெரியும். எங்கள் வண்டியைக் கும்பிட்ட கிழவிகள் அன்றைக்குப் பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்றே வருடம். அந்த ஒப்பந்தத்தை அரசு மதிக்கவில்லை என்று சொல்லி அதே ஆட்கள் 2012-ல் மீண்டும் கலகம் செய்தார்கள். எம்23 என்று அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரே அந்த மார்ச் 23-தான். 2012 நவம்பரில் கோமா விழுந்தது, 2025 ஜனவரியில் மறுபடியும் விழுந்தது. நான் காவல் நின்ற சாலை அது. டிவியில் பார்த்தபோது எழுந்து வெளியே போய்விட்டேன்.

கோமதி, தென்காசி:

ரொம்ப நன்றி அண்ணா. அந்தப் பள்ளம் என்று சொன்னீர்களே, அதுதான் நான் கேட்க நினைத்தது, எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. தெற்கு சூடானிலும் அப்படித்தானே? பேச்சு இகாட் கையில், படை ஐ.நா. கையில். அந்தப் பள்ளம் இல்லாமல் ஏதாவது ஒரு நாட்டிலாவது நடந்திருக்கிறதா?

அரசியல் வகுப்பு:

கோமதி, நடந்திருக்கிறது. நான் கல்லூரியில் சர்வதேச உறவுகள் பாடம் எடுக்கிறேன், இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு வருடமும் நமீபியாவைத்தான் சொல்வேன், கொஞ்சம் நீளமாகவே சொல்ல விடுங்கள்.

நமீபியா அப்போது தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்தது. 1978-ல் பாதுகாப்பு கவுன்சில் 435-ம் தீர்மானம் போட்டது: போர்நிறுத்தம், ஐ.நா. கண்காணிப்பில் தேர்தல், சுதந்திரம். அதே ஆண்டில் பின்லாந்துக்காரர் மார்ட்டி ஆட்டிசாரி சிறப்புப் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். அந்தத் தீர்மானம் நடைமுறைக்கு வந்தது 1989 ஏப்ரல் 1-ல்! நடுவே பதினோரு வருடம். அந்தப் பதினோரு வருடமும் அவருக்கு நமீபியாவின் ஒவ்வொரு கட்சியையும், பக்கத்து நாடுகளின் ஒவ்வொரு தலைவரையும் பழக்கம். பேச்சை நடத்தியவர்களில் ஒருவரே படையையும் அழைத்துக்கொண்டு போய் இறங்கினார். நீங்கள் கேட்கும் பள்ளம் அங்கே இல்லாததற்கு முதல் காரணம் அதுதான். படைத் தளபதி யார் தெரியுமா? நம் நாட்டு லெப்டினன்ட் ஜெனரல் திவான் பிரேம் சந்த், எழுபது வயதைத் தாண்டியவர், அதற்கு முன் காங்கோவிலும் சைப்ரஸிலும் ஐ.நா. படையில் இருந்தவர்.

ஆனாலும் முதல் நாளே எல்லாம் உடைந்துபோகப் பார்த்தது. 7,500 வீரர்கள் என்று போட்ட திட்டத்தைச் செலவுக் கணக்கு பார்த்த வல்லரசுகள் 4,650 ஆகக் குறைத்தார்கள், அந்த இழுபறியில் பட்ஜெட் தாமதமாகி, ஏப்ரல் 1 அன்று நாட்டில் இறங்கியிருந்த படை மிகச் சிறியது. எல்லை இருக்கும் வடக்கில் கிட்டத்தட்ட யாருமே இல்லை. அன்றைக்கே ஸ்வாப்போ விடுதலைப் படையின் நூற்றுக்கணக்கான போராளிகள் அங்கோலாவிலிருந்து வடக்கு எல்லைக்குள் வந்தார்கள். ஐ.நா. முகாமில் ஆயுதத்தை ஒப்படைக்க வந்தோம் என்றார்கள் அவர்கள், படையெடுப்பு என்றது தென்னாப்பிரிக்கா, எங்கள் ராணுவத்தை முகாமிலிருந்து வெளியே விடாவிட்டால் ஒப்பந்தமே இல்லை என்று நெருக்கியது. முதல் நாள்தான் தலைநகர் விண்ட்ஹுக்கில் வந்திறங்கியிருந்தார் ஆட்டிசாரி. கையில் படை இல்லை. சில தென்னாப்பிரிக்கப் பிரிவுகள் வெளியே வர அவர் சம்மதித்தார், நியூயார்க்கும் ஏற்றுக்கொண்டது. ஒன்பது நாட்களில் முந்நூறுக்கும் மேற்பட்ட போராளிகள் செத்தார்கள்.

இந்த இடத்தை நான் வகுப்பில் வேகமாகத் தாண்டிப் போவதே இல்லை. அந்த முடிவைச் சரி என்பவர்களும் உண்டு, அவர் மறுத்திருந்தால் தென்னாப்பிரிக்கா விலகியிருக்கும், நமீபியா இன்னும் பத்து வருடம் காத்திருக்கும் என்பார்கள். செத்தவர்களின் தாய்மாரிடம் போய் அதைச் சொல்ல முடியுமா என்று ஒரு மாணவி கேட்டாள், என்னிடம் பதில் இல்லை. என் கருத்து, முடிவை அவர்மேல் மட்டும் போடுவது நியாயம் இல்லை. படையைத் தாமதப்படுத்தியவர்கள் யாரும் அன்று விண்ட்ஹுக்கில் இல்லை, கையெழுத்துப் போட அவர் ஒருவர்தான் இருந்தார். தூதர் பதவியின் பாரமே இதுதான், அதிகாரம் வேறிடத்தில் இருக்கும், பொறுப்பு மட்டும் இவர் தலையில் விழும்.

ஆனால் அதற்கு அப்புறம் அவர் செய்ததுதான் முக்கியம். ஏறக்குறைய ஒரு வாரத்தில் மவுண்ட் எட்ஜோ என்ற இடத்தில் தென்னாப்பிரிக்கா, அங்கோலா, கியூபா மூன்றையும் மீண்டும் உட்கார வைத்தார்கள், அமெரிக்காவும் சோவியத்தும் பார்வையாளர்களாக இருந்தார்கள். போராளிகள் பாதுகாப்பாகத் திரும்பிப் போக வழி செய்யப்பட்டது. நாடு முழுக்க நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் ஐ.நா. அலுவலகம் திறந்து, ஊர்ப் பெரியவர், பாதிரியார், போலீஸ்காரர் என்று எல்லாரையும் தினமும் பார்க்கச் செய்தார். மக்களை நடுங்க வைத்த கூவூட் என்ற சிறப்புப் போலீஸ் பிரிவை விடாமல் அழுத்திக் கலைக்க வைத்தார்கள். நவம்பரில் தேர்தல், 97 சதவீத வாக்குப்பதிவு. ஸ்வாப்போவுக்கு 72 இடங்களில் 41, ஆட்சிக்குப் போதும், தனியாக அரசியல் சட்டம் எழுத மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அது இல்லை. அதனால் எல்லாரும் சேர்ந்தே எழுதினார்கள். 1990 மார்ச் 21-ல் சுதந்திரம்.

இதே காலத்தில் பக்கத்திலேயே எதிர் உதாரணமும் இருக்கிறது. அங்கோலாவுக்கு 1992-ல் மார்கரெட் ஆன்ஸ்டீ என்ற பிரிட்டிஷ் பெண்மணி தலைவராகப் போனார், இப்படி ஒரு பணிக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர். ஒப்பந்தத்தை உருவாக்கியவர்கள் போர்ச்சுக்கல், அமெரிக்கா, சோவியத். அவருக்கு அதில் பங்கு இல்லை. கையில் கொடுத்தது சில நூறு பார்வையாளர்கள், நாடோ தமிழ்நாட்டைப்போல் ஒன்பது மடங்குக்கும் மேல். ஜம்போ விமானத்தை ஓட்டச் சொல்லிவிட்டுச் சின்ன விமானத்துக்கான எரிபொருளைக் கொடுத்தார்கள் என்று அவரே வருந்திச் சொன்னார். இரண்டு பக்கப் படையும் ஆயுதத்தைக் கீழே வைக்காமலே செப்டம்பரில் தேர்தல் நடந்தது, தோற்ற கலகத் தலைவர் சவிம்பி காட்டுக்குப் போனார், முன்பைவிடக் கொடிய போர்.

மொசாம்பிக்குக்குப் போன இத்தாலியர் ஆல்டோ அயெல்லோ இதைப் பார்த்துப் பாடம் படித்தார். படைகளைக் கலைக்காமல் தேர்தல் இல்லை என்று ஒரு வருடம் தள்ளி வைத்தார். கலகக்காரர்களான ரெனாமோவுக்கு அலுவலகமும் வண்டியும் கட்சி நடத்தப் பணமும் கிடைக்கத் தனி நிதி ஏற்பாடு செய்தார், இத்தாலிதான் பெரும்பங்கு கொடுத்தது. வீட்டுக்குப் போன வீரர்களுக்கு இரண்டு வருடம் மாதச் சம்பளம். கொலைகாரர்களுக்குக் காசா என்று திட்டினார்கள். 1994 அக்டோபரில் தேர்தலுக்கு முந்தின நாள் ரெனாமோ தலைவர் புறக்கணிக்கிறேன் என்று அறிவித்தார், அயெல்லோவும் மற்றத் தூதர்களும் பக்கத்து நாட்டு அதிபர்களும் சேர்ந்து பேசித் திருப்பிக் கொண்டுவந்தார்கள். தோற்றும் அவர் அப்போது காட்டுக்குப் போகவில்லை.

அதனால் கோமதி, என் பதில் இதுதான். பேச்சும் படையும் பணமும் ஒரே கையில் அல்லது கைகோத்த இரண்டு பேரிடம் இருக்கும்போது தூதரின் வார்த்தை முள்வேலி வரைக்கும் போய்ச் சேரும். மூன்றும் மூன்று இடத்தில் இருந்தால் சேராது.

சந்தேகம் 77:

ஆசிரியை சொல்வதை மரியாதையோடு மறுக்கிறேன். முப்பது வருடத்துக்கு முந்தைய கதைகள் இவை. அன்றைக்குப் பனிப்போர் முடிந்து அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒரே பக்கம் தலையாட்டிய காலம். நமீபியாவில் வென்றது ஆட்டிசாரியா அந்தக் காலமா?

சிரியாவைப் பாருங்கள். 2012 பிப்ரவரியில் கோபி அன்னான், ஐ.நா. பொதுச் செயலராகவே இருந்தவர், நோபல் வாங்கியவர், அவரைவிடப் பெரிய ஆளை எங்கே தேடுவது? ஆறு அம்சத் திட்டம் போட்டார். ஆயுதம் இல்லாத 300 பார்வையாளர்களை ஏப்ரலில் அனுப்பினார்கள். ஜூன் நடுவிலேயே சண்டை காரணமாக அவர்கள் ரோந்தை நிறுத்த வேண்டியதாயிற்று. ஜூலையில் ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போட்டன. ஆகஸ்ட் தொடக்கத்தில் அன்னான் ராஜினாமா அறிவித்தார், அதே மாதம் பார்வையாளர் பணியும் முடிந்தது. பிறகு லக்தர் பிராஹிமி, பிறகு டி மிஸ்துரா, பிறகு பெடர்சன். எல்லாரும் திறமைசாலிகள். 2024 டிசம்பர் 8-ல் அசாத் ஆட்சி விழுந்தது போர்க்களத்தில், ஜெனீவா மேசையில் இல்லை. லட்சக்கணக்கான மக்கள் செத்த பிறகு. ஒரு தூதரை நியமித்துவிட்டால் ஏதோ செய்துவிட்டோம் என்று பெரிய நாடுகள் நிம்மதியாகத் தூங்கப் போகின்றன, எனக்குக் கோபம் வருவது அதனால்தான். அந்த சகோதரியிடம் தூதரை நம்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வடமராட்சி:

ஒரு கையில் பேச்சும் கண்காணிப்பும் இருந்தால் போதும் என்று மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். எங்கட ஊரில் அப்படித்தான் இருந்தது.

2002 பிப்ரவரி 22, இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் போர்நிறுத்த ஒப்பந்தம். நடுவராக நின்றது நோர்வே, சிறப்புத் தூதர் எரிக் சொல்ஹைம் கொழும்புக்கும் கிளிநொச்சிக்கும் வந்து போனார். கண்காணிப்புக் குழுவின் தலைவரை நியமித்ததும் நோர்வேதான். ஒப்பந்தத்தின் எந்த வரிக்கு என்ன அர்த்தம் என்பதில் அந்தத் தலைவரின் சொல்லே இறுதியானது என்று எழுத்திலேயே இருந்தது. எவ்வளவு பெரிய அதிகாரம் என்று பாருங்கோ. ஆனால் ஆட்கள் மொத்தமே சில பத்துப் பேர், நோர்டிக் நாட்டுக்காரர், கையில் ஒரு தடி கூட இல்லை. வெள்ளை வாகனத்தில் வருவார்கள், முறைப்பாட்டை எழுதுவார்கள், போவார்கள். நான் அப்ப பள்ளிக்கூடப் பிள்ளை. காணாமல் போன ஒரு அண்ணாவுக்காக அவருடைய அம்மா அவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த வெள்ளைக்காரர் உண்மையாகவே மனவருத்தத்தோடுதான் அதை வாங்கினார். அந்தத் தாளால் ஒன்றும் நடக்கவில்லை.

2003-ல் குழுத் தலைவர் ஒருவரை மாற்றச் சொல்லி ஜனாதிபதி கேட்டார், மாற்றினார்கள். 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்தது, உடனே ஒன்றியத்து நாட்டுக்காரர் குழுவில் இருக்கக்கூடாது என்று புலிகள் சொன்னார்கள், சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆட்கள் போய்விட நோர்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் மிஞ்சின. 2008 ஜனவரியில் அரசு ஒப்பந்தத்தை விட்டு விலகியது, குழுவும் போனது. பிறகு நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும்.

இரண்டு பக்கமும் தூதரைத் தேவைப்படும்வரை வைத்திருந்தார்கள், தேவை முடிந்ததும் விட்டுவிட்டார்கள். ஜப்பானும் யசூஷி அகாஷியைப் பிரதிநிதியாக அனுப்பியது, அவர் கம்போடியாவில் ஐ.நா. பணியை நடத்தியவர் என்று அப்ப எல்லா வீட்டிலும் நம்பிக்கையோடு கதைத்தார்கள். ஆனால் சந்தேகம் 77, நான் உங்களோடும் முழுக்கச் சேரவில்லை. அந்த முதல் மூன்று, நான்கு வருடம் செல் குண்டு விழவில்லை. யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்தது. பெரியம்மா பதினைந்து வருடத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து வந்து எங்கட வீட்டில் சாப்பிட்டா. அதை ஒன்றுமில்லை என்று என்னால் சொல்ல ஏலாது.

அரசியல் வகுப்பு:

வடமராட்சி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பதில் எழுதாமல் இருந்தேன். ஒரே கையில் இருந்தால் போதும் என்ற தொனியில் நான் எழுதியது தவறு. அந்தக் கைக்குப் பின்னால் வலு இருக்க வேண்டும், அதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

அகாஷி பெயரை எடுத்தது நல்லது, ஏனென்றால் ஒரே மனிதர் மூன்று இடத்தில் என்ன ஆனார் என்பதைப் பார்த்தால் சந்தேகம் 77 கேட்டதற்கும் பதில் கிடைக்கும். கம்போடியாவில் 1992-93-ல் இருபதாயிரம் பேருக்கு மேற்பட்ட பணி அவர் கீழே. கெமர் ரூஜ் என்ற கலகப் படையின் பகுதிக்குள் போகப் பார்த்தபோது ஒரு மூங்கில் கம்பைக் குறுக்கே போட்டுச் சில சின்னப் பையன்கள் தடுத்தார்கள், அவரும் தளபதியும் திரும்பி வந்தார்கள், உலகமே பழித்தது. ஆனாலும் கெமர் ரூஜ் வராமலே 1993 மே மாதத் தேர்தலை நடத்தினார், மக்கள் பத்தில் ஒன்பது பேர் வந்து வாக்களித்தார்கள். வல்லரசுகள் அன்று அவர் பின்னால் நின்றன. பொஸ்னியாவுக்குப் போனபோது அதே வல்லரசுகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. நேட்டோ விமானம் குண்டு போட வேண்டுமானால் ஐ.நா. சார்பில் சம்மதம் தரவேண்டிய சாவி அவரிடம் இருந்தது. கோமதி, யார் முடிவெடுப்பார் என்று கேட்டீர்களே, அங்கே சீருடை இல்லாத ஒருவரின் கையில் உண்மையாகவே அந்தச் சாவி இருந்தது. அமைதி காக்க வந்த நாம் ஒரு பக்கத்தோடு போரில் இறங்கிவிடக்கூடாது என்ற பயத்தில் அவர் அதை மிக அரிதாகவே திருப்பினார். 1995 ஜூலையில் பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா ஊரில் படுகொலை. எண்ணாயிரம் ஆண்களும் சிறுவர்களும். அதற்குப் பிறகு அந்தச் சாவியை அவரிடமிருந்து எடுத்துப் படைத் தளபதியிடம் கொடுத்தார்கள். இலங்கைக்கு வந்தபோது அவர் கையில் சாவியும் இல்லை, படையும் இல்லை, உதவிப் பணம் தருவோம் என்ற வாக்கு மட்டும்.

சந்தேகம் 77, காலம்தான் வென்றது என்கிறீர்கள், பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே காலம்தானே அங்கோலாவுக்கும்? அதே 1990-கள், பாதுகாப்பு கவுன்சிலில் அதே ஒற்றுமை, மொசாம்பிக் பிழைத்தது, அங்கோலா எரிந்தது. ஆளும் ஆயத்தமும் கணக்கில் வரத்தான் செய்கின்றன. இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த வேலையை ஓட்டல் வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் நடுவே பேசப்போன ஐ.நா.வின் முதல் நடுவர் போல்கே பெர்னடோட்டை 1948 செப்டம்பரில் ஜெருசலேமில் காரில் வைத்தே சுட்டுக் கொன்றார்கள், அவருடைய உதவியாளர் ரால்ஃப் பஞ்ச் அந்த வேலையை எடுத்து ரோட்ஸ் தீவில் மாதக்கணக்காக உட்கார்ந்து 1949-ல் போர்நிறுத்த உடன்பாடுகளை முடித்தார். கிழக்குத் தீமோரைச் சுதந்திரம் வரை நடத்திக் கொடுத்த செர்ஜியோ வியேரா டி மெல்லோ 2003 ஆகஸ்டில் பாக்தாத்தில் லாரிக் குண்டில் இறந்தார், கூடவே இருபத்தொரு பேர்.

சந்தேகம் 77:

மொசாம்பிக்கையும் அங்கோலாவையும் வைத்துச் சொன்னது சரிதான், ஆள் யார் என்பது முக்கியமில்லை என்று நான் எழுதியிருந்தால் திருத்திக்கொள்கிறேன். என் கோபம் தூதர்மேல் இல்லை, அனுப்பிவிட்டுக் கைகழுவுகிறவர்கள்மேல்.

ஓய்வு ஹவில்தார்:

தங்கச்சி, இனி உங்கள் தம்பி போகும் இடத்தைப் பற்றி, ஏனென்றால் மற்ற நாடுகளைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம்.

2013 டிசம்பரில் தெற்கு சூடானில் போர் வெடித்தபோது மக்கள் ஐ.நா. முகாம் வாசலில் வந்து குவிந்தார்கள். அப்போது தலைவராக இருந்தவர் நோர்வேயின் ஹில்டே ஜான்சன். கதவைத் திறந்தார்கள். இத்தனை பேருக்கு முகாமில் இடம், தண்ணீர், கழிப்பறை எதுவும் கிடையாது, ஆனாலும் திறந்தார்கள். பின்னாட்களில் இரண்டு லட்சம் பேர் வரை அந்த வேலிகளுக்குள் இருந்தார்கள். ஆட்சியில் இருந்தவர்கள் அவரை எதிரி என்று திட்டினார்கள், ஊர்வலம் போனார்கள். அந்தக் கதவு திறந்ததால் பிழைத்தவர்கள் இன்று பிள்ளை குட்டியோடு இருக்கிறார்கள்.

மோசமானதும் நடந்தது, அதையும் சொல்லாமல் விட்டால் நீங்கள் கேட்டதற்கு நேர்மையான பதில் ஆகாது. 2016 ஜூலையில் ஜுபாவில் நான்கு நாள் சண்டை. முகாமிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவு தூரத்தில் ஒரு ஓட்டலில் உதவிப் பணியாளர்களைத் தாக்கிக் கொடுமை செய்தார்கள், போன் மேல் போன் வந்தும் படை போகவில்லை. பிறகு நடந்த விசாரணை, தலைமையில் ஒருங்கிணைப்பே இல்லை என்று சொன்னது. கென்யத் தளபதியைப் பதவி நீக்கினார்கள், கென்யா கோபித்துக்கொண்டு தன் படையையே திரும்பக் கூப்பிட்டது. பணித் தலைவர் அந்த ஆண்டு முடிவில் விலகினார். மேலே இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாவிட்டால் கீழே என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். அதற்குப் பிறகு நிறைய மாற்றினார்கள், நம் நாட்டு ஜெனரல்கள் இரண்டு பேர், சைலேஷ் தினைக்கரும் 2022-ல் மோகன் சுப்ரமணியனும், அடுத்தடுத்து அங்கே தளபதியாகப் போனார்கள்.

தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள். போன முதல் வாரத்தில் அந்தப் பகுதியின் சிவில் விவகார ஆட்கள் யார் என்று பெயரோடு தெரிந்துகொள்ளட்டும். ஐ.நா.வின் சிவில் ஊழியர்கள், அந்தத் தலைவரின் கண்ணும் காதும் அவர்கள்தான். ஊர்ப் பெரியவரோடு தினம் பேசுகிறவர்கள். எந்த மாட்டுத் திருட்டுக்கு எந்த ஊர் பழிவாங்க வரும் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். எங்கள் காலத்தில் அவர்களோடு டீ குடித்த பிளாட்டூனுக்கு ராத்திரியில் எது வரும் என்று தெரிந்திருந்தது, குடிக்காத பிளாட்டூனுக்குத் தெரியவில்லை. பேச்சுக்கும் படைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தைத் தலைநகரில் யார் மூடுகிறார்களோ இல்லையோ, போஸ்டில் அந்த ஒரு டீயால் கொஞ்சம் மூடலாம்.

கோமதி, தென்காசி:

எல்லாருக்கும் நன்றி. வடமராட்சி, அந்தத் தாளைக் கொடுத்த அம்மாவை நினைத்து அழுதுவிட்டேன். ஹவில்தார் அண்ணா எழுதியதைத் தம்பிக்கு அப்படியே அனுப்பினேன், லீவு முடிந்து யூனிட்டுக்குப் போய்விட்டான். "சரிக்கா, சிவில் ஆட்களைக் கேட்டு வைத்துக்கொள்கிறேன்" என்று பதில் வந்தது. அம்மாவிடம் இனிமேல் இது சண்டை இல்லை என்று சொல்லப்போவதில்லை. அங்கே மக்கள் ஓடி வந்தால் கதவைத் திறப்பதுதான் தம்பியின் வேலை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "குழந்தைகளும் வருவாங்களா?" என்று மட்டும் கேட்டார்கள்.